இரண்டு பாகம், கொஞ்சம் தளர்வு

தடைக்காலத்தின் ஒன்பதாம் நாள்
ரொசாரி என்னை அளந்தான்.
அதுவரை என்னை அளந்தவர்
தங்கச்சிமடத்துத் தையல்காரர் மட்டும்.
அதுவும் சுற்றளவு.
பாசி எடுக்கிறவள் என்று கொடுத்த அட்டையில்
போட்டோ இருக்கிறது, கைரேகை இருக்கிறது,
உச்சியிலிருந்து குதிகால்வரை எவ்வளவு என்று
இல்லை.

எங்கள் கட்டில் அவன் நீளம்.
கல்யாணப் போட்டோவில் அவன் நிற்பது
ஒரு செங்கல்லின் மேல்,
என் கொசுவம்தான் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.
அன்று ராத்திரி மடக்கிய முழங்கால்
பத்தொன்பது வருசமாக மடங்கியே தூங்குகிறது.
குருசடைப் பக்கம் பாறைபாறையாகக் குனிந்து
இடுப்பு இப்போது அதற்கும் ஒத்துவருவதில்லை.

டாக்டர் சொன்னது பலகை.
நான் கேட்டது வலை.

நண்டு வலை வேண்டாம், அந்த நரம்பு சதையை அறுக்கும்.
கிழிந்த இழுவை மடியில்
நல்ல பக்கமாக வெட்டினான்.
ஒன்றரைப் பாகம்.
அவன் கை விரித்த பாகம்.

படுத்தேன்.
பாதம் வானத்துக்குப் போக
தாடை நெஞ்சில் இடிக்க
முழங்கால் பின்பக்கமாக வளையப் பார்க்க
சட்டியில் விழுந்த இறாலாய்க் கிடந்தேன்.
"அப்படித்தான் இருக்கும், பழகிரும்" என்றான்.
பழகிரும் என்கிற சொல்லுக்கும்
என்னிடம் ஓர் அளவு உண்டு.

இரண்டாவதில் நீளம் பரவாயில்லை.
ஆனால் கட்டியது நங்கூரம் கட்டிய கை,
துணி காயப்போடும் கொடிபோல் விறைத்து நின்றது.
இரண்டு ஓரமும் கூடி
தோளைப் பிடித்துச் சுருட்டின.
ஒருக்களித்தேன்,
மணலில் இருந்தேன்.
கிறாஸ்லின் விழுந்து விழுந்து சிரித்ததில்
அவள் காயவைத்த சூடை
காக்காய்க்குப் போயிற்று.

மூன்றாவதற்கு
நான் கையை விரித்தேன்.
என் பாகத்தில் இரண்டு, நீளம்.
அகலம், ஒரு பாகத்துக்கு அரைச் சாண் குறைவு.
பதினோரடி வலை,
முனைக்கு முனை ஒன்பதடிதான் விட்டேன்.
பனையில் கயிற்றைக் கை எட்டும் உயரத்துக்கு ஏற்றினேன்.
நடுவில் அது தொங்கிய தொங்கலைப் பார்த்து
"இதென்ன, தரையப் பெருக்கவா?" என்றான்.

படுத்தபிறகுதான் தெரிந்தது
வலைக்குள் நேராகப் படுக்கக் கூடாது.
தலையைச் சோழகம் வருகிற மூலைக்கும்
காலை அந்தோணியார் கோயில் மூலைக்கும் கொடுத்து
கோணலாகக் கிடந்தால்
வலை தானாகத் தட்டையாகிறது.
வத்தைகூட அப்படித்தானே,
காற்றுக்கு நேர் முகம் காட்டினால்
பாய் வெறும் துணி.

முதுகு முழுக்க ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது.
கால் போய்க்கொண்டே இருந்தது,
எதிலும் இடிக்கவில்லை.

மத்தியானம் ரொசாரி ஏறிப் பார்த்தான்.
நட்டநடுவில்,
விசைப்படகில் படுக்கிற பழக்கத்தில், நேராக.
இறாலானான்.
கோணலாப் படு என்று
நாக்கு நுனிவரை வந்தது.
நாளைக்குச் சொல்லலாம்,
தடை முடிய இன்னும் முப்பது நாள் இருக்கிறது.

நைலான் ராத்திரியில் நீளும்.
விடியும்போது என் பின்பக்கம்
குளிர்ந்த மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது.
எழுந்து முடிச்சை ஒரு சாண் ஏற்றிவிட்டு
பால் வாங்கப் போனேன்.

கன்னத்தில் கட்டம் கட்டமாக வலைக்கண்.
"எந்த மீனுக்குப் போட்ட வலைடி ஸ்தெல்லா?"
கிறாஸ்லின்.

"அஞ்சடி எட்டு அங்குலம்" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.
பிறகு கடை வாசலிலேயே
இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்,
ஒரு கையில்
பால் பாக்கெட் ஆடிக்கொண்டிருந்தது.